பதினோராவது அட்டை

டாக்டரம்மா கேட்ட ஒன்பது கேள்விகளுக்கும் தம்பி ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"நல்லா இருக்கேன். பிரச்சினை எதுவும் இல்ல. தேங்க்ஸ்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பதிலை அவனுக்குப் பழக்கியவளே அவள்தான். பன்னிரண்டு வயதில் அவனிடம் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போதும், காலையிலிருந்து தன் வயிற்றில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். வந்தவர்கள் செருப்பைத் தேடுவார்கள். மானம் போகிறதே என்று அக்கா அவனை உட்காரவைத்து, வாய்ப்பாடு மாதிரி இந்த மூன்று வாக்கியத்தையும் உருப்போட வைத்தாள். இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது. கற்றதை இன்னும் கைவிடவில்லை.

அவனுக்கு ஆட்டிசம். அந்தப் பெயர் முப்பத்தைந்தாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரை வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் பிடிவாதம்.

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் பெரிய சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. பத்து மெஷின்கள். கடைசி மூலையில் இருக்கும் மூன்றைப் பதினாலு வருடமாக அவன்தான் பார்த்துவந்தான். போன மாதம் புது மேனேஜர் வந்தார். நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. பாவம், ஓர் ஆள் மூலையில் தனியாகக் கிடக்கிறாரே என்று உருகி, அவனை நட்ட நடுவில் துணி மடிக்கும் மேஜைக்கு மாற்றினார். எல்லோரும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று மேஜைக்கு மேலேயே ஸ்பீக்கர் மாட்டிப் பாட்டும் போட்டார். உனக்கு இது சரிப்படுமா என்று அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முந்தாநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். "இருக்கவே வேண்டாம்னு தோணுதுக்கா" என்றான், மணி என்ன என்று சொல்வது போல. அக்கா அன்றைக்கே போன் போட்டு நேரம் வாங்கினாள். இன்று அழைத்து வந்துவிட்டாள். வரும் வழியில் அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "நான்தான் பேசுவேன்." அவளும் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

இப்போது டாக்டரம்மா பதில்களைக் குறித்த தாளைப் பார்த்துப் புன்னகைத்தார். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு? அடுத்த மாசம் பார்ப்போமா?"

ஃபைலை மூடப் போனார். அடுத்த மாதம் வரை இவன் இருப்பானா? வாக்காவது மண்ணாவது என்று அக்கா வாயைத் திறந்தாள்.

"மூடாதீங்க" என்றான் தம்பி. "என் பதில் தப்பு."

எழுந்து நின்றான். விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தான். சலவைக்கூடத்தில் ஒவ்வொரு மெஷினிலும் அப்படி ஓர் அட்டை தொங்கும். என்றைக்கு என்ன சத்தம், எவ்வளவு சூடு, எப்போது நின்றது என்று அதில் எழுதுவார்கள். 'நன்றாக ஓடுகிறது' என்று எழுத அதில் கட்டமே கிடையாது. பத்து மெஷினுக்குப் பத்து அட்டை. இவன் கையிலிருந்ததன் தலையில் பதினொன்று என்று எழுதியிருந்தது.

யார் முகத்தையும் பார்க்காமல் படித்தான்.

"போன மாசம் நாலாம் தேதியிலிருந்து தூக்கம் மூணு மணி நேரம். இந்த மாசம் ரெண்டு. சாப்பாடு ஒரு வேளை. ஸ்பீக்கர் எட்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும். வீட்டுக்கு வந்தப்புறமும் காதுல சத்தம் நிக்கல. முந்தாநாள் ஆறே கால், இருக்க வேண்டாம்னு தோணுச்சு. இன்னைக்கும், அஞ்சரைக்கு."

இன்றைக்கும் என்பது அக்காவுக்குத் தெரியாது.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா எனக்குத் தெரியாது டாக்டர். எத்தனை, எப்போ, எங்கேன்னு கேட்டாத் தெரியும்."

டாக்டரம்மா ஒன்பது கேள்வித் தாளை ஓரமாகத் தள்ளினார். வெள்ளைத் தாளை எடுத்து முதலிலிருந்து கேட்டார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று ஒளிக்காமல் கேட்டார். அவனும் ஒளிக்காமல் சொன்னான். நாற்பது நிமிடம். முடிவில் இரண்டு வாரம் விடுப்பு, தூங்க மாத்திரை, எந்நேரமும் கூப்பிட ஒரு நம்பர், பழைய மூலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மேனேஜருக்கு ஒரு கடிதம். நாளை மறுநாள் கட்டாயம் வரவேண்டும் என்றார்.

அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் வாய்கிழியப் பேசுகிறவர்கள் எத்தனை பேர், அவளையும் சேர்த்துத்தான். தன் நெஞ்சுக்குள் நடப்பதைத் தேதி போட்டு எழுதி, முன்பின் தெரியாதவர் எதிரே நின்று படிக்கிற துணிச்சல் அவர்களில் யாருக்கு இருக்கிறது? இவனுக்கு உலகத்தைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. பெருமையில் கண் நிறைந்தது.

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ எத்தனை மணி நேரம் தூங்குறே?"

"நாலு."

"எப்போலேர்ந்து?"

"அம்மா போனதுலேர்ந்து."

ஆறு வருடம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போனான்.

"அக்காகிட்டயும் கேளுங்க டாக்டர். நான் வெளியில உட்காருறேன். நான் இருந்தா அவ என்னைப் பத்தியே பேசுவா."