முன்மொழிய மறுத்தவள்

வைப்பாற்று மணல் வெயிலில் வெண்மை பூத்துக் கிடக்க, கரிசல் வெடிப்புகளிடையே வேலிக்கருவை மட்டும் பசுமை காட்ட, பட்டாசு ஆலைகளின் சிற்றறைகள் ஒன்றையொன்று அஞ்சினவை போல் தள்ளித் தள்ளி நின்ற பங்குனி முற்பகலில், சாத்தூர்ச் சாலையின் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முப்பது மகிழுந்துகள் விரைந்தன. கடைசி ஊர்தியில் அமர்ந்திருந்தாள் அச்சங்குளத்துத் தங்கத்தாய். வெடிகளுக்குத் திரி செருகும் கையினள். "முதலாளி கூப்பிடுதாக" என்று மட்டும் சொல்லி, ஆலைக் கண்காணி மணிகண்டராஜ் அவளை வேலையிலிருந்து எழுப்பி வந்திருந்தான்.

முதலாளியாகிய கனகசபாபதியின் குடியைப் பற்றிச் சிறிது கேளுங்கள், கற்றறிந்தோரே. அவர் தந்தை மும்முறை சட்டப்பேரவையில் அமர்ந்தார். அவருக்குப்பின் இவர் அமர்ந்தார். இப்போது அயல்நாட்டில் கற்றுத் திரும்பிய மைந்தன் ஸ்ரீராம்குமார் அதே இருக்கைக்கு வேட்பாளன். பழைய ஒழுங்கைப் பேணுவதே தம் கட்சியின் கொள்கை என்று மேடைதோறும் முழங்கினர். பேணப்பட்டதென்னவோ அவ்விருக்கை ஒன்றே.

வட்டாட்சியர் அலுவலகத்தில், அதிகாரியின் முன்னே வேட்பு விண்ணப்பத்தை விரித்துவைத்து, கனகசபாபதி கனிவோடு சொன்னார்:

"தங்கத்தாயி, மூணு தலைமுறையா இந்த மண்ணுக்கு நாங்கதான் காவல். நம்ம ஆலைத் தொழிலாளி ஒருத்தி முன்மொழிஞ்சா நல்லாருக்கும்னு மகன் ஆசைப்படுதான். இங்கன ஒரு கையெழுத்துப் போடு."

எழுதுகோலை வாங்கினாள். சென்ற ஆடித் திங்களில், ஆலைத் தீயில் உடல் கருகித் தன் மடியில் கிடந்த தங்கை பொன்மணியின் முனகல் அவள் செவியில் எழுந்தது. எழுதுகோலை மேசைமேல் வைத்தாள்.

"ஐயா, தீக்காயத்துக்கு ஆசுபத்திரி கட்டுதோம்னு உங்க அப்பாரு எங்க ஊருப் பொட்டல்ல ஒரு கல்லு நட்டாக. எங்கம்மா அவுகளுக்கு ஓட்டுப் போட்டா. பெறகு நீங்க ஒரு கல்லு நட்டீக. நான் உங்களுக்குப் போட்டேன். அந்த ரெண்டு கல்லையும் தாண்டித்தான் எந் தங்கச்சிய மதுரைக்குக் கொண்டு போனோம். திருமங்கலம் தாண்டல, உசுரு போயிருச்சு. போன மாசம் உங்க மகனும் அதே பொட்டல்ல ஒரு கல்லு நட்டாக. என்னால முடியாதுங்க. நான் போட மாட்டேன்."

"அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நேரமாகிறது" என்றான் ஸ்ரீராம்குமார், கைக்கடிகையை நோக்கியபடி. கனகசபாபதி சினம் காட்டவில்லை. கண்ணால் ஒரு குறிப்புக் காட்டினார். அருகே நின்ற அய்யாதுரை என்னும் கணக்கன் குனிந்து கையொப்பமிட்டான். வெளியே மாலைகள் விழுந்தன. தங்கத்தாய் பேருந்தேறித் தனியே ஊர் திரும்பினாள்.

மறுநாட் காலை ஆலையின் சிற்றுந்து வந்து நின்றது. ஓட்டுநன் காளீஸ்வரன் அவள் முகத்தைப் பாராமலே, "ஒன்னைய ஏத்த வேணாம்னுட்டாக அக்கா" என்றான். உள்ளிருந்த பெண்டிர் தலைகவிழ்ந்தனர். வள்ளித்தாய் ஒருத்தி மட்டும் சோற்றுத் தூக்கோடு இறங்கி அவளருகே வந்து நின்றாள். ஏனையோர்க்கு அடுப்பெரிய வேண்டியிருந்தது, வண்டி நகர்ந்தது.

ஸ்ரீராம்குமார் தேர்தலில் பெருவாரியான வாக்குகளால் வென்றான். அவ்விரு பெண்டிரும் இன்று வேலிக்கருவை வெட்டி, கரிமூட்டத்துக்குச் சுமந்து வயிறு வளர்க்கின்றனர். கேட்டதெல்லாம் பெற்றே பழகிய ஒரு குடி, மாட்டேன் என்னும் சொல்லை மூன்று தலைமுறையில் முதன்முறையாகக் கேட்டது ஓர் ஏழையின் வாயில். அச்சொல் ஒன்றற்காக அவள் பிழைப்பைப் பறித்தது. அக்குடியினர் இன்னும் பழமையைக் காப்பதாகவே மேடையேறிச் சொல்கின்றனர். எந்தப் பழமையை என்று கேட்க, அம்மேடைகளின் முன்னே கூடும் கூட்டத்தில் ஒருவரும் இன்னும் எழவில்லை.