லோகநாயகியின் இஷ்டம்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் ஏறி, இடம் பிடித்து, சில்லறை தேடி எடுத்துச் சீட்டு வாங்கி நிமிர்வதற்குள் ஊர் வந்துவிடும். அங்கே சாரல் என்றால் இங்கே காற்று, அங்கே வெயில் என்றால் இங்கேயும் வெயில். இரண்டும் ஒன்றுதானே, எதில் வீடு வாங்கினால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் யாரும் லோகநாயகியின் புருஷனோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை.

புருஷன் பெயர் தாணு. கோயம்புத்தூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். அவருக்கு ஒரே ஒரு பழக்கம்தான். என்ன காரியமானாலும் நாலு பேர் இருக்கும்போது மனைவியைக் கூப்பிட்டு, "லோகா, உன் இஷ்டம் என்ன?" என்று கேட்பார். அவள் சொல்வதைத் தலையாட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்பார். "சரி, பாப்போம்" என்பார். பிறகு அதற்கு நேர் எதிராகச் செய்துவிடுவார். பெண்டாட்டியைக் கேட்காமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத மனுஷர் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்குப் பெயர். அது பொய்யும் இல்லை. கேட்கத்தான் செய்தார்.

கல்யாணமான முதல் தீபாவளிக்கு லோகநாயகி பச்சைப் புடவை கேட்டாள், காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. மறு தீபாவளிக்கு வேண்டுமென்றே காப்பிக்கொட்டை நிறம் கேட்டாள், பச்சை வந்தது. கெட்டிக்காரி, அன்றைக்கே பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு எது வேண்டுமோ அதைத் திட்டினாள், எது வேண்டாமோ அதைப் புகழ்ந்தாள். வீட்டுக்கு டைல்ஸ் போட்டதும் இப்படித்தான், மகளைக் காலேஜில் சேர்த்ததும் இப்படித்தான். கடையத்திலிருந்து மகளுக்கு ஒரு நல்ல வரன் வந்தபோது, பையனின் நடையில் தொடங்கி மூக்கு வரைக்கும் ஒன்றுவிடாமல் குறை சொன்னாள். ஒரே மாதத்தில் அந்தப் பையனுக்கே நிச்சயமாயிற்று. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான், ஆனாலும் மூக்கு கைக்கு வந்துவிட்டதே! அடுக்களையில் தாளித்துக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பெண் தன் உண்மையான ஆசை ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அதை அவள் சாமர்த்தியம் என்று வைத்துக்கொண்டாள். இதற்குப் பேர் சாமர்த்தியம் என்றால் கூண்டுக்குள் இருந்துகொண்டு சீட்டெடுத்துக் கொடுக்கும் கிளியும் சாமர்த்தியசாலிதான்.

ஓய்வு பெற்றதும் சொந்தச் சீமைக்கே திரும்பிவிடுவது என்று தாணு முடிவு செய்தார். ஆனி மாதம் இருவரும் தென்காசிக்கு வந்து லோகநாயகியின் தங்கை வடிவாம்பாள் வீட்டில் தங்கினார்கள். வடிவாம்பாளுக்குக் கோயிலுக்குப் பின்னால் சொந்த வீடு. பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், புருஷன் போன பிறகு கொஞ்சம் சதை போட்டவள். அக்காவின் தந்திரம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

வந்த மறுநாள் காலை தாணு தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் கொத்தமல்லி இல்லை. லோகநாயகி கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் கொத்தமல்லி இருந்தது. வாங்கவில்லை. நேரே நடந்து கடைத்தெருவுக்குப் போனாள். பாவூர்சத்திரத்திலிருந்து வந்து இறங்கிய கத்திரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தாள், விலை கேட்டாள், வேண்டாமென்று வைத்தாள், திரும்ப எடுத்தாள். கோபுர வாசலில் வழக்கம்போல ஆளைத் தள்ளுகிற காற்று. அதில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். கோயம்புத்தூரில் அவர்கள் இருந்தது ஊருக்கு வெளியே. உப்பு வாங்குவதென்றாலும் தாணு காரை எடுக்க வேண்டும், எடுப்பதற்கு முன் எதற்கு என்று கேட்க வேண்டும். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. வீடு திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது.

"எங்கக்கா போயிட்டே? கொத்தமல்லிக்கு இம்புட்டு நேரமா?" என்றாள் வடிவாம்பாள். கூடையைப் பார்த்துவிட்டு, "கொத்தமல்லியவே காணோமே!"

லோகநாயகி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வடிவு, எனக்குச் சாகுத வரைக்கும் இப்படி ஒரு காலை போதும்டி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதே தெருவில், மூன்று வீடு தள்ளி, ஒரு வீடு விலைக்கு இருந்தது. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையிலிருந்து பிரிகிற பாதையில் இன்னொரு வீடு இருந்தது. இரண்டையும் காட்டியவர் புரோக்கர் நாகராஜன்.

தென்காசி வீட்டுக்குள் நுழைந்ததுமே லோகநாயகி முகத்தைச் சுளித்தாள். "என்ன சந்தடி! வாசல்ல ஆட்டோ, பின்னால கோயில் மைக்கு. மனுசன் படுத்தாத் தூக்கம் வருமா?" என்றாள். அடுக்களை சின்னது என்றாள். தண்ணீரைக் குடித்துப் பார்த்து உப்புக் கரிக்கிறது என்றாள். அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த வடிவாம்பாள் வாயைத் திறக்கவில்லை.

குற்றாலத்துக்கும் வடிவாம்பாள் கூட வந்தாள். அந்த வீடு மாடி வீடு. பின்னால் தோப்பு, அதற்குப் பின்னால் மலை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறி, கதவைத் திறந்ததும் ஈரச்சாக்கு வாடை அடித்தது. லோகநாயகிக்கு இளைப்பு உண்டு. ரெண்டு படி ஏறுவதற்குள் நெஞ்சு விசிலடித்தது. சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானைக்குள் மறைத்து இன்ஹேலரை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு, அதே மூச்சில் பாராட்டத் தொடங்கினாள்.

"ஏங்க, இது வீடா, கயிலாயமா! இந்தச் சாரலும் காத்தும் வேற எந்தச் சீமையில கெடைக்கும்? எனக்கு இங்கனயே இருக்கணும் போல இருக்கு. செத்தாலும் இங்கனயே சாகணும்."

"மதினிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு அண்ணாச்சி" என்றார் நாகராஜன்.

தாணு மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். தாடையைத் தடவினார். "சரி, பாப்போம்" என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் லோகநாயகிக்கு உயிர் குளிர்ந்தது. தென்காசி வீட்டின் முன்னறையில் எந்தப் பக்கம் ஜன்னலோரம் உட்காரலாம் என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வடிவாம்பாள் வீட்டில் விருந்து. தாணுவின் பெரியப்பா மகன் ஜெகதீஸ்வரன், அவர் மனைவி, இன்னும் இரண்டு மூன்று பேர். ரசத்துக்குச் சோறு போட்டதும் தாணு தொண்டையைச் செருமினார்.

"ஆயுசு பூரா நான் நெனச்சதத்தான் செஞ்சிருக்கேன். எல்லாத்துக்கும் அவகிட்டக் கேப்பேன். ஆனா கேட்டபடி ஒரு நாளும் நடந்ததில்ல. கடைசிக் காலத்துலயாவது அவ இஷ்டப்படி இருப்போம்னு முடிவு பண்ணிட்டேன். குற்றாலத்து வீட்டையே முடிச்சிருவோம். வீடு அவ பேர்லதான்."

ஜெகதீஸ்வரன் சாப்பிடுகிற கையோடு இலையை விட்டு எழுந்திருக்காத குறைதான். "இதுல்லா மனுசத்தனம்!" என்றார். அவர் மனைவி லோகநாயகியின் முழங்கையைப் பிடித்து அழுத்தி, "குடுத்து வச்சவ மதினி நீங்க. இங்க ஒரு ஆளு இருக்காவளே, ஒரு ரவிக்கைத்துணி கேட்டு வாங்க முடியுமா?" என்றாள்.

"அத்தான், அக்காவுக்கு இளைப்பு இருக்கு. அங்க ஓதம்…" என்று வடிவாம்பாள் இழுத்தாள்.

"அவளே வாய்விட்டுக் கேட்டா வடிவு. நீயும் பக்கத்துலதானே நின்னுக்கிட்டிருந்தே?"

நின்றுகொண்டுதான் இருந்தாள். என்ன சொல்வாள்? அக்கா பொய் சொன்னாள் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்வாளா? லோகநாயகியும் மோர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன் குரலில் கத்திக் கெடுகிறது.

பத்திரப் பதிவுக்குப் போகிற நாள் வரைக்கும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குற்றாலம் வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும், வேண்டும் வேண்டும் என்று இன்னும் அதிகமாகச் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே களைத்துப்போனாள். ஐந்து கிலோமீட்டர்தானே, பஸ் ஏறி வந்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் சொல்லலாம். வரலாம். கேட்டுவிட்டு வர வேண்டும். எதற்கு, யாரைப் பார்க்க, எப்போது திரும்புவாய் என்ற அத்தனைக்கும் பதில் சொல்லிவிட்டு, இளைக்கிற நெஞ்சோடு சாலை வரைக்கும் நடந்து, பஸ் பிடிக்க வேண்டும். கொத்தமல்லி வாங்காமல் திரும்புகிற காலை அதில் கிடைக்காது.

அன்று, குற்றாலத்து வீட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பதிவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரில் அவர்கள் இருவர் மட்டும். மேலகரம் தாண்டுகிற இடத்தில் லோகநாயகி, "வண்டியக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினார்.

"எனக்குக் குற்றாலம் வேண்டாம். தென்காசிதான் இஷ்டம். மொதல்லருந்தே தென்காசிதான்." முதல் தீபாவளிப் பச்சைக்குப் பிறகு புருஷனிடம் அவள் சொன்ன முதல் நிஜம் அதுதான்.

தாணு கண்ணாடித் துடைப்பானை அணைத்தார். "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"ரெண்டாவது தீவாளிக்கே தெரியும். காப்பிக்கலர் வேணும்னு கேட்டுட்டு, நான் என்ன சொல்லுவேன்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னியே."

"பின்ன எதுக்குப் பச்சை வாங்கித் தந்திய?"

"பச்சைன்னா என்ன, காப்பின்னா என்ன? எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நீ ஜெயிச்சுட்டோம்னு நெனச்சு ஒரு மாசம் மொகத்தைத் தூக்காம வேலையப் பாப்பே. வீட்டுல சத்தம் இல்ல. எனக்கு அது போதும்."

"கடையத்து மாப்பிள்ளை…" என்றாள் லோகநாயகி. அவள் வாழ்க்கையில் சம்பாதித்த பெரிய சொத்து அது ஒன்றுதான்.

"அவங்க அப்பாகிட்ட நான் பேசி முடிச்சதுக்கு அப்புறந்தானே உங்கிட்டயே போட்டோவக் காட்டினேன்? நீ அந்தப் பையன் மூக்கப் பத்திச் சொன்னதை அவருகிட்டச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சோம்." தாணு இப்போதும் கொஞ்சம் சிரித்தார். அவரிடம் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "இந்த ஒரு காரியத்துல மட்டும் எனக்கு ஒண்ணு வேணும் லோகா. தென்காசில உனக்குத் தங்கச்சி இருக்கா, கடைத்தெரு இருக்கு, கோயில் இருக்கு. காலைல கூடையத் தூக்குனா மத்தியானம் வருவே. அன்னைக்கு வந்தியே, அந்த மாதிரி. நான் யாருகிட்ட காப்பி கேக்கது? அதான் நீ கேட்டதையே குடுத்துட்டேன். ஊரே சாட்சி."

வண்டியை எடுத்தார். பதிவு அலுவலகத்தில் காட்டின இடத்திலெல்லாம் லோகநாயகி கையெழுத்துப் போட்டாள்.

ஆவணி பிறந்ததுமே பால் காய்ச்சினார்கள். சீசன் வேறு, சொந்தம் முழுக்கத் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக வந்து இறங்கியது. அருவிக்குப் போய்விட்டுப் பசியோடு வந்து, தின்றுவிட்டு, மறுபடி அருவிக்குப் போனார்கள். ஈரத்துணி காயப்போட இடமில்லாமல் மாடி முழுக்கத் தொங்கியது. அந்த வாடையில் லோகநாயகியின் நெஞ்சு ஓயாமல் விசிலடித்தது. இட்லித் தட்டு இறக்கவும் ஏற்றவுமாக அடுக்களையை விட்டு அவள் வெளியே வரவில்லை. வருகிறவர்கள் அங்கேயே எட்டிப் பார்த்து, "நீங்க ஆசைப்பட்ட வீடாமே? அண்ணாச்சி சொன்னாவ" என்றுவிட்டுக் காப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது வடிவாம்பாள் அக்காவின் முதுகைத் தடவிப் பார்த்தாள். கையை எடுக்காமலே கூடத்துக்குக் கூட்டிவந்தாள்.

"அத்தான், அக்கா ஒரு நாலு நாள் எங்கூட வந்து இருக்கட்டும். மூச்சு விட முடியாமக் கெடக்கா."

கூடத்தில் பேச்சு நின்றது. நாற்காலியில் சாய்ந்திருந்த தாணு நிமிர்ந்தார். முகத்தில் அத்தனை பரிவு.

"நான் என்ன சொல்ல? போகணும்னா போகட்டும், இருக்கணும்னா இருக்கட்டும். லோகா, உன் இஷ்டம் என்ன?"

லோகநாயகி வாயைத் திறந்தாள். போகிறேன் என்று சொன்னால் போக முடியாது. இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னால், அதையே கொடுத்துவிடுவார். உலகத்தில் இருப்பது இந்த இரண்டு பதில்தான், இரண்டும் அவர் கையில் இருந்தன. தேடித் தேடிப் பார்த்தாள். அவளுக்கென்று ஒரு வார்த்தை மிச்சமில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்தியா வடிவு?" என்றார் தாணு. "ஒரு வார்த்தை வர மாட்டேங்கு. இந்த வீட்ட விட்டு வர அவளுக்கு மனசில்ல."

கூடமே சிரித்தது. அழுதால் அதற்கும் அவர் ஒரு இஷ்டத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார் என்று பயந்து, லோகநாயகியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.