பிந்தி வரும் துடிப்பு

...கதவை ஏன் சாத்தினாள், சமையலறைக் கதவை இந்த வீட்டில் யாரும் சாத்தியதே கிடையாது, அதுவும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தணித்துக்கொண்டு... மறுமுனையில் அண்ணனாகத்தான் இருக்கும், என் அண்ணன்தான், ஆனால் இப்போதெல்லாம் பேச்சு முழுக்க என் மனைவியிடம்தான், மருத்துவமனைக்குப் போய் முடிவை வாங்கி வருகிறேன் என்றவன் காலையிலிருந்து ஆளையே காணோம். போன வாரம் என் இதயத்திலிருந்து ஒரு துணுக்குச் சதை கிள்ளி எடுத்தார்கள். என் இதயமா? யாரோ கொடுத்துவிட்டுப் போனது, கோடையில் வைத்துத் தைத்தார்கள், அதை என் உடம்பு ஏற்றுக்கொண்டதா, வெளியே தள்ளப் பார்க்கிறதா என்பதை அந்தத் துணுக்குதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தள்ளினாலும் எனக்கு வலிக்காதாம். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், வேர்வை, வயிறு, நெஞ்சு எல்லாம் நாம சொல்லியா நடக்குது, அதுக்குன்னு தனி நரம்பு இருக்கு, இதயத்துக்குப் போற நரம்பை வெட்டியாச்சு, திரும்பத் தைக்க முடியாது, இனிமே நீங்க பயந்தா ரத்தத்துல ஒரு சுரப்பு கலந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் அது வேகமா ஓடும், அடங்கவும் லேட்டாகும், பயப்படாதீங்க. பயந்தாலும் உடனே தெரியப்போறதில்லையே சார், என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டவள்தான் இவளும், ஆனாலும் வீட்டில் பூனை போல நடக்கிறாள், அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள், தும்மல் வந்தால்கூட மொட்டைமாடிக்கு ஓடுகிறாள், நான் திடுக்கிட்டுவிடக் கூடாதாம். திடுக்கிட வேண்டியது மட்டும் திடுக்கிடுவதில்லை, மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது, இதோ, கதவு சாத்திய சத்தத்துக்கே உள்ளங்கை நனைந்துவிட்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, ஒன்றுகூட என்னைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை... நெஞ்சு மட்டும் எனக்கென்ன வந்தது என்று அதே தாளத்தில். அப்படியானால் நான் பயப்படவே இல்லையோ, சும்மா சந்தேகப்படுகிறேனோ? சந்தேகம்தானே என் பிழைப்பு, ரயிலில் டிக்கெட் பரிசோதகன், பெட்டிக்குள் கால் வைத்ததுமே தெரிந்துவிடும், டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாக எதையோ பார்ப்பான், முகத்தை எவ்வளவு சாதுவாக வைத்துக்கொண்டாலும் மேலுதட்டில் வியர்க்கும், கழுத்துப் பள்ளத்தில் நாடி குதிக்கும், வாயை அடக்கலாம், அதை அடக்க முடியாது. உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். பேச்சு எனக்குக் கேட்கக் கூடாதென்றா? அழுகிறாளோ? சேச்சே, பாத்திரம் கழுவுகிறாள், அவ்வளவுதான்... காலையிலேயே கழுவி அடுக்கிய பாத்திரத்தையா?

கதவு திறக்கிறது. முகம் கழுவியிருக்கிறாள். யாரு போன்ல? உங்க அண்ணன்தாங்க. ரிசல்ட் வந்துடுச்சா? வந்துடுச்சுங்க, நல்லா இருக்காம், நாளைக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போகச் சொன்னாங்களாம், மாத்திரை மாத்தறதுக்கு. நல்லா இருந்தா எதுக்கு மாத்தணும்? உங்ககிட்ட மாட்டினா டிக்கெட் எடுத்தவனும் திருதிருன்னு முழிப்பான், என்று சிரிக்கிறாள், நானும் சிரித்துவிடுகிறேன், இவள் என்னைக் கிண்டல் செய்து எவ்வளவு நாளாகிறது. உள்ளங்கை காய்ந்துவிட்டது, நாக்கில் ஈரம் வந்துவிட்டது, நல்லா இருக்கு என்றால் நல்லா இருக்கு, நான் பிழைத்துக்கொள்வேன்... அப்போதுதான் நெஞ்சு ஓட ஆரம்பிக்கிறது, கதவு சாத்தியதற்கு ஓட வேண்டியது, எல்லாம் முடிந்த பிறகு விழுந்தடித்துக்கொண்டு. என்னங்க, ஏங்க இப்படி அடிச்சுக்குது, நல்ல சேதிதானே சொன்னேன், என்று என் மார்பில் கை வைக்கிறாள். ஒண்ணுமில்ல, அப்போ பயந்தது இப்பதான் வந்து சேருது, என்று அந்தக் கையைப் பிடிக்கிறேன், ஆறுதலுக்குத்தான், சத்தியமாகச் சோதிப்பதற்கு இல்லை. மணிக்கட்டில் என் விரல்களுக்கு அடியில் அவள் நாடி குதிக்கிறது. என் நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பயந்திருக்கலாம், அப்படியும் இருக்கலாம்... ஆனால் இவளுக்கு யாரும் எந்த நரம்பையும் வெட்டவில்லையே, இவளுடையது உடனுக்குடன் ஓடுவதாயிற்றே. எனக்குப் பயமாக இருக்கிறது, அதைவிட இவளை நினைத்துப் பாவமாக இருக்கிறது. நாளைக்கு எப்போ போகணும், என்று கேட்கிறேன். காலையிலேயே போயிடலாங்க, என்கிறாள், முகம் சாதுவாகத்தான் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.