கன்றிப்போன இடம்

"இல்லைன்னு சொல்லிட்டு வாக்கா, சோலி முடிஞ்சுரும்…"

"எப்படிலே இல்லைன்னு சொல்ல? டாக்டரம்மா அம்புட்டுத் தூரம் கேக்குறாக…"

"நம்ம வீட்டுல யாருக்கும் அப்படிக் கெடையாது!"

"அய்யம்மா அக்காவுக்கு?"

"அவ புருசங்காரன் அடிச்சுச் செத்தவ. அதையும் இதையும் முடிச்சுப் போடாத."

என் தம்பி பேச்சிமுத்து போட்ட சத்தத்தில், தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். உள்ளே அவன் மகள் அனுசுயா படுத்திருந்தாள். கையிலும் தொடையிலும் பன்னீர் திராட்சைத் தோல் நிறத்தில் கன்றிய தடங்கள். அதைப் பார்த்ததும் மருமகனின் சட்டையைத்தான் முதலில் பிடித்தான் என் தம்பி. ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான் கையை எடுத்தான். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களை அவள் உடம்பே பகையென்று நினைத்து அழிக்கிறதாம். "தாய்கிட்டருந்து பிள்ளைக்கு அப்படியே வந்துரும்னு இல்லம்மா. ஆனா சில குடும்பத்து மரபணுவுல இதுக்கு எடங்கொடுக்குற கூறு இருக்கலாம். பிறவியிலயே வர்ற வேற நோயும் இதே மாதிரி தெரியும், அதுக்கு வைத்தியமே வேற. உங்க வீட்டுல யாருக்காவது இருந்துச்சா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

யோசிக்க என்ன இருக்கிறது? நாற்பத்தொரு வருசத்துக்கு முன்னால் அய்யம்மா அக்காவின் உடம்பிலும் இதே நிறம். அவள் புருசன் சங்கிலி மச்சானைக் கம்பத்திலிருந்து வரவழைத்து, ஊர் முன்னால் எங்கள் அப்பா காலில் விழ வைத்து, அக்காவைப் பிரித்து வைத்துக்கொண்டோம். கூட்டத்தில் அவளை யார் கேட்டார்கள்? வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தோம். மூன்று வாரம் கழித்து அவளுக்கு முதுகு தேய்த்துவிடும்போது, புதுசாக ஒரு தடம். என் கை நின்றதில் அவளுக்கும் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள்.

"இங்கன என்னைய யாருடி அடிச்சா, பவுனு?"

நான் அடுத்த செம்புத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். ஊர் கூடிப் பேசி முடித்ததை நான் போய் எப்படிக் கலைப்பது என்றிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தைக்குள், மூக்கில் வந்த ரத்தம் நிற்காமல், அவள் போய்ச் சேர்ந்தாள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் கம்பம் பஸ் ஏறினேன்.

சங்கிலி மச்சான் திராட்சைப் பந்தலுக்கடியில் கழுத்தை மடக்கி நின்று, கொத்துகளில் அழுகலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். பொண்டாட்டியைக் கொன்றவன் என்று அவருக்கு அப்புறம் ஒருவரும் பெண் கொடுக்கவில்லை. என்னை அடையாளம் தெரிந்தும் வேலையை நிறுத்தவில்லை. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நின்றபடியே ஒப்பித்தேன். "அப்ப, நீங்க அடிக்கல மச்சான்" என்று முடித்தேன்.

"அது எனக்குத் தெரியும்ல" என்றார்.

கத்தரியை வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்குக் கதவுக்கு அந்தப் பக்கம்தான இருந்தா. ஒரு வார்த்தை, எனக்காக ஒத்த வார்த்தைகூடவா அவ சொல்லல, பவுனு?"