எந்தக் கவுண்டியிலும் சேராத மண்

ஒரு வசந்த காலத்தில் மிசூரி ஆறு தன் வளைவை விட்டுவிட்டுக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. அதுவரை ஆற்றுக்குக் கிழக்கே இருந்த எங்கள் மூன்று வீடுகளும் மேற்குக் கரைக்குப் போய்விட்டன. பழைய படுகை காய்ந்து அருமையான வண்டலாகக் கிடந்தது. அதற்குத்தான் என் அண்டை வீட்டுக்காரர்கள் ஆசா டாலிவரும் ஆரின் பெக்கமும் அடித்துக்கொண்டார்கள்.

ஆசாவுக்குக் கல்யாணமாகவில்லை. அக்கா ஆர்டெல்லாவோடு இருந்தான். ஒரு காலையில் அந்த வண்டலில் அவன் வேலிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோது ஆரின் சுட்டுவிட்டான். நான் வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன். ஆரினே என் வாசலுக்கு வந்தான்.

"அங்க விழுந்து கெடக்கான். அவங்கக்காகிட்ட போய்ச் சொல்லு. நான்தான் சுட்டேன்."

அவன் எங்கும் ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியம் வரவேயில்லை.

ஆர்டெல்லாவை முதலில் படகில் கிழக்கே, எங்கள் பழைய மாவட்டமான ஹாலெக் கவுண்டிக்குக் கூட்டிப்போனேன். அதன் நீதிமன்றம் செங்கல் கட்டடம், கோபுரத்தில் கடிகாரம். பழைய மரக் கட்டடம் எரிந்தபோது எல்லைப் படங்களும் அதோடு சாம்பலாகிவிட்டன. கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப் வாசற்படியிலேயே எங்களை நிறுத்திவிட்டார்.

"ஆறுதாம்மா எல்லை. நீங்க இப்ப அந்தப் பக்கம். அங்க வந்து ஒருத்தனப் பிடிச்சேன்னா என்னைத் தூக்கி உள்ள வெச்சிருவாங்க."

"போன மாசம் எங்ககிட்ட வரி வாங்கினது நீங்கதானே?"

"அது வரி. இது கொலை."

மேற்கே வின்ஸ்லோ கவுண்டிக்கு நீதிமன்றமென்று தனியாக எதுவும் இல்லை. வைக்கோல் கடை மாடியில்தான் எல்லாம். அரசு வக்கீல் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே சொன்னார்.

"ஆறு கொஞ்சங்கொஞ்சமா நகந்தா எல்லையும் கூடவே நகரும். ஒரேயடியா தாவிட்டா எல்லை பழைய எடத்துலதான். சட்டம் அப்படி. நீங்க கிழக்குதான்."

"அவங்க மேற்குங்கறாங்களே, ஐயா."

"அந்த ஷெரீப்புக்குக் குதிரைய நனைக்க மனசு வராது, அவ்வளவுதான்."

"அப்ப என் தம்பி எந்த ஊர்ல செத்தான்?"

வக்கீல் முட்டையை உப்பில் தொட்டுக்கொண்டார்.

அந்த மண் உன்னுடையதுதான் என்று இரண்டு கவுண்டிகளும் ஒன்றின்மேல் ஒன்று மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. அது இழுத்துக்கொண்டே போனது. இதற்கிடையில் ஒருநாள் ஆர்டெல்லா தம்பியின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வண்டலுக்குப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடினேன். ஆரின் சோளம் விதைத்துக்கொண்டிருந்தான். விதைப்பையைக் கீழே வைத்தான்.

"சுடு ஆர்டெல்லா. உன்னையும் எவனும் கேக்க மாட்டான்."

வெகுநேரம் குறிபார்த்தபடியே நின்றாள். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தினாள். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாள்: "கேக்கணும்ப்பா. யாராவது கேக்கணும். அதுக்குத்தானே நான் அலையறேன்."

அவள் தலை நரைத்த பிறகு தீர்ப்பு வந்தது. அன்றுமுதல் நாங்கள் வின்ஸ்லோ கவுண்டி. அதற்கு முன் நடந்ததைத் தோண்ட அங்கே யாருக்கும் மனமில்லை. நான் போய்ச் சாட்சி சொல்கிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார் புது வக்கீல். பார்க்கவில்லை. எங்கள் பகுதிக்குக் கவுண்டி வாரியத்தில் ஓர் உறுப்பினர் வேண்டியிருந்தது. நிலம் அதிகம் வைத்திருந்தவன் ஆரின். எதிர்த்து நிற்க ஆளில்லை.

அவன் கொண்டுவந்த முதல் காரியம் சாலை. அளவுச் சங்கிலியோடு ஆட்கள் ஆர்டெல்லாவின் முற்றத்துக்கு வந்தார்கள். ஆரின் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான். அவள் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். அவனுக்கும் கொடுத்தாள்.

"இந்தப் பக்கமாத்தான் வருது, ஆர்டெல்லா. ஒனக்கு ஆட்சேபணை இருந்தா கோர்ட்டுல சொல்லலாம்."

"இல்ல," என்றாள். "கோழிக்கூண்ட மட்டும் தள்ளி வெச்சுக்கறேன்."

கூண்டின் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன், மறுபக்கத்தை அவள் தூக்கினாள். உள்ளே கோழிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.