மூன்றாம் நாள் அழைப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை. மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் மருத்துவமனையில் நர்ஸ் வெர்னாவுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது, பன்னிரண்டு வருடமாக.

'மலைமேல் பனி இறங்கியபோது...' என்று தொடங்கினேன். சீ, வேண்டாம். வெர்னா எங்கே மலையைப் பார்த்தாள்? தொலைபேசியோடு மல்லுக்கட்டவே நேரம் போதவில்லை.

2

வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை என்றால் எங்கள் டாக்டர்கள் முப்பது வலி மாத்திரை எழுதிவிடுவார்கள். அபின் வகை; பழகினால் விடாது, மிஞ்சினால் ஆளையே கொன்றுவிடும். சனி, ஞாயிறில் யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாதே! (ஒரு மருத்துவமனை மட்டும் குறைத்தால், நோயாளி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுவார்.) ஒருவழியாக நான்கு மருத்துவமனைகள் கூடிப் பேசி முடிவெடுத்தன: இனி பத்துதான். மூன்றாம் நாள் நர்ஸ் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

அதற்கு மூன்று வருடம் முன்புதான் வெர்னாவுக்கு முழங்கால் அறுவை. முப்பதில் நான்கைத்தான் விழுங்கினாள். மீதி இருபத்தாறும் 'இருக்கட்டுமே' என்று சமையலறை அலமாரியில். மகள் கெய்லா அதை எடுத்து...

[முடிக்க முடியவில்லை. பத்தொன்பது வயது. புதைத்த இடத்துக்கு நானும் போயிருந்தேன்.]

3

ராட்லிஃப், முன்னாள் சுரங்கத் தொழிலாளி. குடலிறக்க அறுவை முடிந்து மூன்றாம் நாள். வெர்னா ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள்.

"எத்தனை போட்டீங்க?"

"நாலு. ஆறு மிச்சம். முதுகுவலிக்குக் குடுத்த பழைய டப்பாவும் கெடக்கு."

"வீட்ல வேற யாரு?"

"பேத்தி இருக்கா. ஏம்மா?"

வெர்னா பேனாவைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையும் இன்னைக்கே கொண்டாந்து இங்க மிச்ச மருந்து போடுற பெட்டியில போட்டுருங்க."

"நாளைக்கு வலிச்சா நீயா வருவே?"

"கூப்பிடுங்க. நான் எடுப்பேன். சத்தியமா."

அவர் போனை வைத்துவிட்டார். வெர்னா என்னைப் பார்த்து, "எங்க வீட்டுக்கும் யாராச்சும் இப்படிக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள்.

4

ராட்லிஃப் மாலை நாலு மணிக்கே டப்பாக்களோடு வந்துவிட்டார், முனகிக்கொண்டே. கதையை இங்கே முடித்து வெர்னாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவர் பேத்தி தப்பிச்சா. சரி. என் பொண்ணு?"

"நடந்ததை எப்படிடி மாத்துறது?"

"கதைதானே? ஒரு போன் அடிக்க வைக்க உனக்கென்ன கேடு?"

5

சரி.

வெர்னாவின் சமையலறை. அறுவை முடிந்து மூன்றாம் நாள். அலமாரியில் இருபத்தாறு மாத்திரைகள். தொலைபேசி அடிக்கிறது. "அம்மா, உனக்குத்தான் இருக்கும்," என்றபடி கெய்லா எடுக்கப் போகிறாள்.

இதற்கு மேல் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம். மணி அடிக்கிறவரை அவள் இருக்கிறாள்.