இரண்டாவது கோடு

"ரத்தத்த நகரத்துக்கு அனுப்பிட்டேன். முடிவு வர மூணு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் என் புள்ள பொறுத்துக்குமா சிஸ்டர்?"

போன வருடம் அபோண்டி விளையாட்டாகத்தான் கேட்டாள். நர்ஸ் நெகேசாவும் சிரித்தாள். ஏழாம் மாதத்தில் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. கணவன் ஒகோலா அதை வீட்டுக்குப் பின்னால் புதைத்து நான்கு நாள் ஆன பிறகு முடிவு வந்தது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அபோண்டி யாரிடமும் சொல்லாமல் வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டுக்கொண்டாள். உடம்பு தேற என்று கணவனிடம் சொல்லிவைத்தாள்.

இப்போது மறுபடி ஐந்து மாதம். நகரத்துக் கல்லூரிக்காரர்கள் அந்த நோயைக் கண்டுபிடிக்க மலிவான புது அட்டை ஒன்றைச் செய்து, அதை நம்பலாமா என்று பார்க்க இந்த ஏரிக்கரை மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தார்கள். விரலில் ஒரு சொட்டு, பதினைந்து நிமிடம். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோடு மெல்லச் சிவந்து வருவதை அபோண்டி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு தடவ நோய் வந்துட்டா இந்தக் கோடு ஆயுசுக்கும் வரும். பழசா புதுசான்னு அட்டைக்குத் தெரியாது," என்றாள் நெகேசா.

"வேற யாருக்குத் தெரியும்?"

"நகரத்து லேபுக்கு. மூணு வாரம்." நெகேசா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தத் தடவ நான் காத்திருக்க மாட்டேன். இன்னைக்கே ஊசி. ஆனா உன் வீட்டுக்காரரும் வந்து ரத்தம் பாத்து ஊசி போட்டுக்கலேன்னா அவர்கிட்டேருந்து திரும்ப ஒட்டிக்கும். போன வருஷமே கூட்டிட்டு வரச் சொன்னேனே?"

"அவர் ஏரிக்குப் போயிருந்தார்."

"வருஷம் பூராவுமா?"

அபோண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, ஒகோலா தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக் கரையேறிக்கொண்டிருந்தான். அந்தக் கரையில் ஆண்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கூவினார்கள்: "ஒகோலா, நாளைக்குப் பாவாடையும் கட்டிட்டு வா!"

"உன் பொண்டாட்டியோடத இரவல் குடு, கட்டிக்கிறேன்."

வீட்டுக்குள் வந்ததும் அவன் சிரிப்பு போய்விட்டது. குடத்தை இறக்க அவள் கை நீட்டியதும் விலகி, வழக்கம்போல அவள் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிட்டான். "அசெம்போக்காரி, நீ தொடாத. அன்னைக்கு உன்னத் தூக்க விட்டதே நான் செஞ்ச பாவம்."

ஒரு வருடமாக இதையே சொல்கிறான். குடத்தின் கனம்தான் பிள்ளையைக் கொன்றது என்று நம்பி, ஊர் சிரிக்கச் சுமக்கிறான். அது பொய்ப் பழி என்று அவளுக்குத் தெரியும். உண்மை அதைவிடப் பெரிய பழியாக அவன் தலையில் விழுந்துவிடுமோ என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஊசி போட்ட இடுப்பு வலித்தது. வயிற்றில் பிள்ளை ஒருமுறை புரண்டது.

"தண்ணியால இல்ல ஒகோலா."

அவன் குடத்தை இறக்காமல் நின்றான். தளும்பிய தண்ணீர் சட்டையில் வழிந்தது.

"நம்ம புள்ள போனது தண்ணியால இல்ல. எல்லாம் சொல்றேன். நாளைக்கு நீ ஏரிக்குப் போகாத. என்கூட வந்து, விரல்ல ஒரு சொட்டு ரத்தம் குடு."